புதிய கப்பலும் பழைய பயணிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாப் பேச்சு என்றால் சிலப்பதிகாரத்தையோ கம்பனையோ எடுத்துக்கொண்டு பேசுவதே நம்மிடையே உள்ள மரபு. அம்மரபினின்று இன்று சற்றே விலகி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிறந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகக் கிளைத்து வளர்ந்துள்ள ஒரு விஞ்ஞானக் கதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கதையின் பெயர் ‘ஸ்டார் டிரெக்’. இப்பெயர் நமக்குப் புதிதன்று. 1980-களில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அதை ஒளிபரப்பியது. அன்று அதைக் கண் கொட்டாமல் பார்த்த பிள்ளைகள் இன்று இவ்வவையில் தலை நரைத்த தந்தையராகவும் தாயராகவும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய மக்களோ பின்னர் வந்த தொடர்களைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். பழையதே கதை, மற்றவை வெறும் ஆரவாரம் என்பார் தந்தை. பழையதில் அட்டைச் சுவர்களும் காகிதப் பாறைகளும் அல்லாமல் வேறென்ன இருக்கிறது என்பாள் மகள். இந்த வழக்கு உலகமெங்கும் நடக்கும் வழக்கு. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

கதை அறியாதவர்களுக்காக ஓரிரு சொற்கள். இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் மனிதகுலம் போரையும் வறுமையையும் கடந்து, வேற்று உலகத்தாரோடு ஒரு கூட்டரசு அமைத்து வாழ்கிறது. அக்கூட்டரசின் விண்கப்பல் ‘என்டர்பிரைஸ்’. அதன் தலைவன் கிர்க், துணிவே உருவானவன். அவனுக்குத் துணை ஸ்பாக்; கூர்மையான செவிகளும், உணர்ச்சியை வென்ற அறிவும் உடையவன்; தந்தை வல்கன் என்னும் உலகத்தைச் சேர்ந்தவர், தாய் மண்ணுலகத்துப் பெண். இவ்விருவருக்கும் இடையே நின்று இடித்துரைப்பவர் மருத்துவர் மெக்காய். ஜீன் ரோடன்பெரி என்பவர் படைத்த இத்தொடர் 1966 செப்டம்பர் 8-ஆம் நாள் என்.பி.சி. நிறுவனத்தின் ஒளிபரப்பில் தொடங்கியது. 79 கதைகளோடு 1969-இல் நின்றது. மூன்றே ஆண்டுகள்.

அம்மூன்றாம் ஆண்டும் நிறுவனம் மனமுவந்து கொடுத்ததன்று. 1967-ஆம் ஆண்டின் இறுதியில், தொடர் நிறுத்தப்படப் போகிறது என்ற செய்தி பரவியது. பிஜோ டிரிம்பிள் என்னும் பெண்மணியும் அவர் கணவர் ஜானும் ரசிகர்களைத் திரட்டி, நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுமாறு தூண்டினர். அச்சடித்த கடிதம் கூடாது. தம் கைப்பட, தம் சொற்களில் எழுத வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. கடிதங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் வந்து குவிந்தன. 1968 ஜனவரியில் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி நிறுவனத்தின் வாயிலுக்கே ஊர்வலமாகச் சென்றனர். மார்ச் முதல் நாள், ஒரு கதை முடிந்தவுடன், தொடர் மறு ஆண்டும் நடைபெறும் என்று நிறுவனமே ஒலிபெருக்கி வைத்தாற்போல் அறிவித்தது. இனிமேல் கடிதம் எழுத வேண்டா என்பதே அவ்வறிவிப்பின் உட்பொருள் என்று சிரிப்பவர்களும் உண்டு. ஆயினும் அவ்வெற்றி முழு வெற்றியன்று. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி என்னும், இளைஞர் எவரும் வீட்டில் தங்காத வேளைக்குத் தொடரை மாற்றினர். மூன்றாம் ஆண்டோடு அதன் ஒளிபரப்பு முடிந்தது.

முடிந்தது என்று நிறுவனம் எண்ணியது. ரசிகர்கள் எண்ணவில்லை. 1967-லேயே ‘ஸ்பாக்கனேலியா’ என்றொரு கையச்சு இதழை அவர்கள் தொடங்கியிருந்தனர். 1970-களில் உள்ளூர் நிலையங்கள் மாலை தோறும் பழைய கதைகளையே திரும்பத் திரும்ப ஒளிபரப்ப, முன்னர் பாராதவர்களும் பார்த்தனர். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர் மாநாடு ஒன்று கூட்டினர். சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 1976-இல் அமெரிக்க விண்வெளி ஓடங்களில் முதலாவதற்கு ‘என்டர்பிரைஸ்’ என்னும் பெயர் இடப்பட்டது. குடியரசுத் தலைவர் ஃபோர்டுக்கு ரசிகர்கள் எழுதிய கடிதங்களே அதற்குக் காரணம். (அந்த ஓடம் சோதனைக்கென்றே கட்டப்பட்டது; விண்வெளிக்கு ஒருநாளும் சென்றதில்லை. கேட்ட பெயரைப் பெற்ற மகிழ்ச்சியில் இதைக் கேட்க மறந்தார்கள் போலும்!)

இவ்வளவையும் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. புதிய தொடர் வந்தவுடன் ரசிகர்கள் சீறுகிறார்களே, இவர்களுக்கு என்ன உரிமை, பிடிக்கவில்லையென்றால் பாராமல் இருந்துவிட்டுப் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேறு எத்தனையோ தொடர்களுக்கு அந்த விடை பொருந்தும். இத்தொடருக்குப் பொருந்தாது. உடைமையாளர் கைவிட்ட பயிருக்குப் பதினெட்டு ஆண்டுக்காலம் தண்ணீர் பாய்ச்சியவர்கள் இவர்கள். பத்திரம் இவர்கள் பெயரில் இல்லை. ஆனால் பாடுபட்ட உரிமை இருக்கிறது என்று நினைக்கிறார்கள். கடன் கொடுத்தவன் கேட்கும் குரலில் அவர்கள் பேசுவதன் காரணம் இதுவே. அக்குரலை மதித்தும், அதற்கு முழுவதும் கட்டுப்படாமலும் நடப்பது எப்படி என்பதே ஒவ்வொரு புதிய தொடரின் படைப்பாளருக்கும் வந்து சேர்ந்த இடர்ப்பாடு.

நடுவே ஒரு புதிய தொடர் பிறவாமலே மாண்டதையும் சொல்ல வேண்டும். 1977-இல் பழைய குழுவினரைக் கொண்டே இரண்டாம் தொடர் ஒன்றைத் தொடங்கத் திட்டமிட்டனர். அதில் ஐலியா என்னும் வேற்றுலக நங்கையாக நடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பம்பாயில் பிறந்து 1965-இல் இந்திய அழகியாக முடிசூட்டப்பெற்ற பெர்சிஸ் கம்பாட்டா. திட்டம் மாறித் திரைப்படமாகி 1979-இல் வெளிவந்தது. நீண்ட கூந்தலை மழித்துவிட்டு அவர் நடித்த அப்படத்தைப் பார்க்க நம் நாட்டிலும் மக்கள் திரண்டனர். அடுத்த படம் 1982-இல் வந்தது. அதில் ஸ்பாக் இறக்கப் போகிறான் என்ற செய்தி கசியவே, ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். இயக்குநர் நிக்கோலஸ் மேயர் ஒரு தந்திரம் செய்தார். படத்தின் முதற்காட்சியிலேயே ஸ்பாக் வீழ்கிறான். வீழ்ந்தது பயிற்சி நாடகம் என்று உடனே தெரிகிறது. கொட்டகையில் இருந்தோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டுச் சாய்ந்து அமர்ந்தனர். இறுதியில் அவன் உண்மையாகவே இறந்தபோது அழுதனர். எதிர்த்தவர்களே அப்படத்தை இன்றளவும் தலைசிறந்ததாகப் போற்றுகிறார்கள்.

இனி, நம் வழக்கின் நடுநாயகமான 1987-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

பழைய நடிகர் எவரையும் தலைமைப் பாத்திரத்தில் வைக்காமல், கதையை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னே தள்ளி, ‘அடுத்த தலைமுறை’ என்னும் பொருள்படும் பெயரோடு புதிய தொடர் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த நாள்தொட்டே ரசிகர்கள் இரு கட்சியானார்கள். கிர்க்கும் ஸ்பாக்கும் இல்லாத ஸ்டார் டிரெக், மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் அல்லவா? புதிய தலைவன் பிக்கார்ட் என்னும் பிரெஞ்சுப் பெயர் உடையவன், நடுவயதினன், தலையில் மயிர் இல்லாதவன். அப்பாத்திரத்தை ஏற்ற பாட்ரிக் ஸ்டூவர்ட், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தேர்ந்த ஆங்கில நடிகர். அமெரிக்க மக்களுக்கு அவர் பெயரே தெரியாது. தொடர் நிலைக்காது என்று மற்றவர் சொன்னதைக் கேட்டு, முதற்சில வாரங்கள் பெட்டியைப் பிரித்து அடுக்காமலே வாழ்ந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பழைய தொடரில் பகைவராக வந்த கிளிங்கான் இனத்தைச் சேர்ந்த வோர்ஃப் என்பவன் இப்போது கப்பலின் மேடையிலேயே பணிபுரிகிறான். உணர்ச்சியற்ற ஸ்பாக்கின் இடத்தில், உணர்ச்சியை நாடி ஏங்கும் டேட்டா என்னும் இயந்திர மனிதன். மனநல ஆலோசகர் ஒருத்தி தலைவனுக்கு அருகிலேயே இருக்கை போட்டு அமர்ந்திருக்கிறாள். போர்க்கப்பலில் இவளுக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் பலர்.

எல்லாரினும் மிகுதியாக வசை வாங்கியவன் வெஸ்லி என்னும் சிறுவன். பெரியவர்கள் கைபிசைந்து நிற்க, பதினைந்து வயதுப் பிள்ளை வந்து கப்பலைக் காப்பாற்றுகிறான். அதுவும் ஒரு முறையன்று, பல முறை. ‘வெஸ்லி’ என்பது படைப்பாளர் ரோடன்பெரியின் நடுப்பெயர் என்பது தெரிந்தபோது எரிச்சல் இன்னும் கூடியது. அப்பாத்திரத்தை ஏற்ற வில் வீட்டன் அப்போது உண்மையிலேயே பதினைந்து வயதுப் பையன். எழுதியவர் மேல் கொள்ள வேண்டிய கோபத்தை நடித்த பிள்ளையின் மேல் பலர் காட்டினர். அதனால் பட்ட துன்பத்தை அவர் வளர்ந்தபின் எழுதியிருக்கிறார். ரசிகர் வரலாற்றில் பெருமைப்படத் தக்க பக்கம் அன்று அது.

பழைய ரசிகரைச் சமாதானப்படுத்தும் முயற்சியும் நடந்தது. முதற்கதையிலேயே, 137 வயதுக் கிழவராக, முதிய கடற்படைத் தலைவரின் கோலத்தில் பழைய மருத்துவர் மெக்காய் ஒரு சிறு காட்சியில் வந்து புதிய கப்பலை வாழ்த்திச் செல்கிறார். தாத்தா வந்து ஆசி கூறிவிட்டுப் போவதைப் போன்ற காட்சி அது. ஆனால் இரண்டாம் கதையே பழைய தொடரின் ஒரு கதையை மீண்டும் சொன்னது. அடுத்துச் சில வாரங்களில் வந்த கதை ஒன்றில், கறுப்பின மக்களைக் காட்டிய விதம் நடித்தவர்களுக்கே கூச்சத்தைத் தந்தது. பழைய தொடரில் எழுதிப் பேர்பெற்ற டி. சி. ஃபான்டானா, டேவிட் ஜெரால்டு முதலியோர் முதலாண்டிலேயே விலகினர். கப்பலில் உள்ளோர் தமக்குள் முரண்படலாகாது; இருபத்து நான்காம் நூற்றாண்டு மாந்தர் அத்தகைய சிறுமைகளைக் கடந்தவர்கள் என்று ரோடன்பெரி வகுத்த விதி எழுத்தாளர்களின் கையைக் கட்டியது. உயர்ந்த கொள்கைதான். முரண் இல்லாத இடத்தில் நாடகத்துக்கு என்ன வேலை?

இங்கே நான் ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். முதலாண்டுத் தொடர் குறையுடையது என்று சொன்ன ரசிகர்கள் சரியாகவே சொன்னார்கள்; இன்று அக்கதைகளைத் திரும்பப் பார்ப்பவர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அக்குறைக்கு அவர்கள் காட்டிய காரணம் பெரும்பாலும் பொருந்தவில்லை. கிர்க் இல்லாமையால் சுவையில்லை என்றார்கள். கிர்க் வராமலே சுவை வந்தது. நோய் இருப்பதைச் சொல்லும் உடம்பு, நோயின் பெயரைச் சொல்வதில்லை. அதற்கு வைத்தியர் வேண்டும்.

சுவை வந்த விதத்தைக் கேளுங்கள். 1989 பிப்ரவரியில், இரண்டாம் ஆண்டில், ஒரு நீதிமன்றக் கதை வந்தது. வழக்கறிஞராக இருந்து எழுத்தாளரான மெலிண்டா ஸ்னாட்கிராஸ் எழுதியது. டேட்டாவைப் பிரித்துப் பார்த்து, அவனைப் போல் ஆயிரம் இயந்திர மனிதரைச் செய்ய ஓர் ஆராய்ச்சியாளர் விரும்புகிறார். டேட்டா மறுக்கிறான். மறுக்க அவனுக்கு உரிமை உண்டா? அவன் ஆளா, கூட்டரசின் உடைமையாகிய பொருளா? பிக்கார்ட் அவனுக்காக வாதிடுகிறான். அவனுடைய நண்பன் ரைக்கரே கடமையால் எதிர்த்து வாதிட நேர்கிறது. துப்பாக்கி இல்லை, போர் இல்லை. ஓர் அறையில் சிலர் பேசுகிறார்கள். அக்கதையில், ஆயிரம் டேட்டாக்களைச் செய்து ஏவல் கொள்வதற்குப் பெயர் அடிமைத்தனம் என்பதைப் பிக்கார்டுக்கு உணர்த்துபவள் கைனன் என்னும் பாத்திரம். அதை ஏற்று நடித்தவர் ஹூப்பி கோல்ட்பர்க். சிறுமியாக இருந்தபோது பழைய தொடரில், கறுப்பினப் பெண் ஒருத்தி பணிப்பெண்ணாக அல்லாமல் கப்பலின் அதிகாரியாக வருவதைக் கண்டு களித்தவர் அவர். அந்த உஹூராவுக்காகவே புதிய தொடரில் தமக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர். பழைய ரசிகை புதிய தொடருக்குச் செய்த தொண்டு இது.

இன்னொரு ரசிகரும் இருக்கிறார். 1989-இல் மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்பை ஏற்றபோது, யார் எழுதி அனுப்பினாலும் படிப்போம் என்று கதவைத் திறந்து வைத்தார். தொலைக்காட்சி உலகில் அது அருமையிலும் அருமை. படப்பிடிப்பு அரங்கைச் சுற்றிப் பார்க்க வந்த ரொனால்டு மூர் என்னும் இளைஞர், கையோடு கொண்டுவந்த கதை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தாயை இழந்த சிறுவனின் கதை அது. அவ்வாண்டு அக்டோபரில் ஒளிபரப்பாயிற்று. மூர் எழுத்தாளராகச் சேர்ந்தார். 1994-இல் அத்தொடரின் இறுதிக் கதையை எழுதிய இருவரில் ஒருவரானார். காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: இதே மூர், 1978-இல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்னும் வேறொரு கதையை 2003-இல் புதிதாக்கி, அதில் ஸ்டார்பக் என்னும் ஆடவனைப் பெண்ணாக மாற்றியபோது, அக்கதையின் பழைய ரசிகர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள்.

நிற்க. 1990 ஜூன் மாதத்தில் ‘அடுத்த தலைமுறை’யின் மூன்றாம் ஆண்டு முடிந்தபோது, ‘போர்க்’ என்னும் இயந்திரக் கூட்டத்தார் பிக்கார்டைப் பிடித்துத் தம்மில் ஒருவனாக மாற்றிவிடுகிறார்கள், அவனை அழிக்கப் பீரங்கிக்கு ஆணையிடுவதோடு கதை நிற்கிறது, மீதி செப்டம்பரில். அந்தக் கோடை முழுவதும் அமெரிக்க ரசிகர்கள் பேசியது பிக்கார்டு பிழைப்பானா என்பதையே. கிர்க்கின் நாற்காலியில் வேறு எவன் உட்கார முடியும் என்று கேட்டது மூன்றாண்டுகளுக்கு முன்புதான்!

இந்த மாற்றத்துக்குக் காரணம் எழுத்து மட்டும் என்று சொன்னால் பாதி உண்மையே ஆகும். நாடளாவிய நிறுவனங்கள் முழு ஆண்டுக்கு உறுதிகூறத் தயங்கியதால், இத்தொடரைப் பாரமவுண்ட் நிறுவனம் உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாகவே விற்றது. ஆகவே எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் பேனாவை எடுத்து அடித்துவிட முடியாத நிலையில் தொடர் இருந்தது. தவறு செய்து திருத்திக்கொள்ள இரண்டாண்டுக் காலம் கிடைத்தது. பின்னர் வந்த தொடர்கள் எல்லாவற்றுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை.

1993-இல் வந்த தொடர், கப்பலை விட்டுவிட்டு ஒரு விண்வெளி நிலையத்தில் நடந்தது. போகாத ஊருக்கு வழி கேட்பது போல், நகராத நிலையத்தில் பயணக் கதையா என்று நகைத்தார்கள். ஆனால் நகராமையே அதன் பலமாயிற்று. கப்பல் ஒரு சிக்கலைத் தீர்த்த கையோடு அடுத்த உலகுக்குப் போய்விடும்; நிலையமோ தன் செய்கையின் விளைவோடு அங்கேயே வாழ வேண்டும். அன்னிய ஆட்சியிலிருந்து அப்போதுதான் விடுபட்ட ஒரு மக்களின் அருகே, சிஸ்கோ என்னும் கறுப்பினத் தலைவனின் பொறுப்பில் அமைந்த அக்கதை, ஆண்டுகள் சென்றபின் பலராலும் முதலிடத்தில் வைக்கப்படுகிறது. 1995-இல் பெண் தலைமை ஏற்ற ‘வாயேஜர்’ வந்தது. அப்போதும் முணுமுணுப்பு எழுந்து அடங்கிற்று.

2001-இல் வந்த ‘என்டர்பிரைஸ்’ தொடரின் கதி இரங்கத்தக்கது. கிர்க் காலத்துக்கு நூறாண்டு முந்திய கதை. முதல் நாளே ரசிகர்கள் பிடித்துக்கொண்டது தொடக்கப் பாட்டை. அதுவரை இசைமட்டும் ஒலித்த இடத்தில் வாய்ப்பாட்டு வைத்தார்கள். அதை நீக்கக் கோரிக் கையெழுத்து வாங்கினார்கள். பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில் பார்ப்போர் தொகை ஆண்டுதோறும் குறைந்தது. நான்காம் ஆண்டில் கதைகள் தேறின. ரசிகர்களே அதை ஒப்புக்கொண்டனர். ஆயினும் 2005-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அதே ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள், பணம் திரட்ட முயன்றார்கள். 1968 மீண்டும் வரவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் தொலைக்காட்சியில் புதிய ஸ்டார் டிரெக் இல்லை. இடையே திரைப்படங்கள் வந்தன. அவற்றில் ஒன்று நமக்கும் தொடர்புடையது. 1967-இல் வந்த பழைய கதை ஒன்றில், வட இந்தியச் சீக்கியன் என்று சொல்லப்பட்ட கான் நூனியன் சிங் என்னும் வலிய பகைவன் தோன்றினான். மெக்சிக்கோவில் பிறந்த ரிக்கார்டோ மான்டல்பான் அவனாக நடித்தார். 1982-ஆம் ஆண்டுப் படத்திலும் அவரே. 2013-இல் அக்கானை மீண்டும் கொணர்ந்தபோது, வெளுத்த மேனியராகிய ஆங்கில நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்தார். இந்தியப் பெயர் தாங்கிய பாத்திரத்துக்கு ஓர் இந்திய நடிகரைத் தேடக்கூடாதா என்று கேட்டவர்களில் அமெரிக்க ரசிகர்களும் இருந்தார்கள். அந்தக் கோபம் பழமைப் பற்றினால் எழுந்ததன்று. இந்தக் கதை எல்லா இனத்தாருக்கும் இடம் தருவதாகச் சொன்ன வாக்கை நினைவூட்டிய கோபம். அதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

2017 செப்டம்பர் 24-ஆம் நாள் ‘டிஸ்கவரி’ தொடங்கியது. இந்த முறை பிளவு முன்னெப்போதையும்விட ஆழமானது. முதற்கதையை மட்டும் இலவசமாகக் காட்டிவிட்டு, மீதியைக் கட்டணம் செலுத்துவோர்க்கே என்று அமெரிக்காவில் அறிவித்தார்கள். இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸ் வாயிலாகப் பார்த்தோம். கிளிங்கானியரின் தோற்றம் அடியோடு மாறியிருந்தது, தலைமயிரே இல்லை, அவர்கள் தம் சொந்த மொழியில் நெடுநேரம் பேச, நாம் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்க வேண்டியிருந்தது. கதையின் நாயகி கப்பலின் தலைவி அல்லள். முதற்கதையிலேயே தலைவியை எதிர்த்துக் கலகம் செய்து தண்டனை பெறுபவள். கிர்க்குக்குப் பத்தாண்டு முந்திய காலம் என்றார்கள். ஆனால் பொறிகளோ கிர்க் கனவிலும் காணாதவை. போதாக்குறைக்கு, இவள் ஸ்பாக்கோடு வளர்ந்த சகோதரி என்றார்கள். ஐம்பது ஆண்டுகளாக ஸ்பாக் ஒருமுறையும் வாய்திறந்து சொல்லாத சகோதரி!

நாயகியாக நடித்த சொனீக்குவா மார்ட்டின்-கிரீன் கறுப்பினப் பெண்மணி. அவர் நிறத்தையும் பாலையும் பற்றி வந்த வசைகளும் இருந்தன. கதையைக் குறை கூறியவர் அனைவரையும் அக்கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம். அக்கூட்டமே இல்லை என்பதும் பொய். நியாயமான குறைக்கும் வெறுப்புக்கும் ஒரே கூடாரம் கிடைத்துவிட்டது இந்தக் காலத்தின் கேடு. 1968-இல் கோபித்தவன் காகிதம் வாங்கி, எழுதி, தபால் தலை ஒட்டி, தபால்பெட்டி வரை நடக்க வேண்டியிருந்தது. அந்த நடையில் பாதிக் கோபம் இறங்கியிருக்கும்.

ஆனால் இம்முறை ரசிகர்கள் நோயை மட்டுமன்றி, நோயின் காரணத்தையும் ஓரளவு சரியாகவே சொன்னார்கள் என்பது என் கருத்து. பழைய கதையின் தோளில் ஏறி நின்றுகொண்டே பழைய கதைக்குக் கட்டுப்படமாட்டேன் என்பது நில்லாத நிலை. படைப்பாளரும் அதை உணர்ந்தார்கள் போலும். 2019-இல் இரண்டாம் ஆண்டு முடிவில் கப்பலோடு அனைவரையும் 930 ஆண்டுகள் எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஸ்பாக்கும் இல்லை, கிர்க்கும் இல்லை, கணக்குக் கேட்பார் ஒருவரும் இல்லை. அதன்பின் தொடர் தன் காலில் நடந்து, 2024-இல் ஐந்தாம் ஆண்டோடு நிறைவெய்தியது. எனக்கு அதன் கதைகள் சிலவற்றில் கண்ணீர் அளவு மீறிப்போவது இன்றும் பிடிப்பதில்லை. என் வீட்டு இளையவர்களுக்கு அதுவே பிடித்திருக்கிறது.

அந்த இரண்டாம் ஆண்டில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. பைக் என்னும் கப்பல் தலைவனை அதில் விருந்தினனாகக் கொண்டுவந்தார்கள். இவன் யார்? 1964-இல் ரோடன்பெரி எடுத்து, அறிவுக்கு வேலை மிகுதி என்று என்.பி.சி. ஒதுக்கிய முதல் வெள்ளோட்டக் கதையின் தலைவன் இவன்தான், கிர்க்குக்கும் மூத்தவன். அன்சன் மவுண்ட் நடித்த இப்பைக்கைக் கண்டதும், டிஸ்கவரியைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே குரலாக, இவனுக்குத் தனித் தொடர் வேண்டும் என்றார்கள். 2020-இல் அறிவிப்பு வந்தது. 2022 மே மாதம் தொடர் வந்தது. பழைய பாணியில், வாரம் ஒரு கதையாக. 1965-இல் நிறுவனம் வேண்டாம் என்ற தலைவனை, ஐம்பத்தேழு ஆண்டு கழித்து ரசிகர்கள் கேட்டு வாங்கினார்கள். வெறுக்கப்பட்ட தொடர் பிறவாதிருந்தால் விரும்பப்பட்ட தொடரும் பிறந்திராது என்பதைக் கடும் ரசிகர்களும் வேண்டா வெறுப்பாக ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்; அடுத்து நாடகக் குழுவினர் ஒப்பனையோடு காத்திருக்கிறார்கள். டிஸ்கவரியின் நான்காம் ஆண்டு 2021 நவம்பர் 18-ஆம் நாள் தொடங்குவதாக இருந்தது. அதற்கு இரண்டே நாள் முன்னதாக, அமெரிக்கா, கனடா நீங்கலாக மற்ற நாடுகளில் அது நெட்ஃபிளிக்ஸில் வராது என்றும், உரிமையாளரின் சொந்த ஒளிபரப்பு அந்நாடுகளுக்கு வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். நாளைக் குறித்துவைத்துக் காத்திருந்த வெளிநாட்டு ரசிகர்களுக்கு இலை போட்டபின் பந்தி இல்லை என்றது போல் ஆயிற்று. உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. நான்கு ஆண்டுகளாகக் கிளிங்கானியரின் மொட்டைத் தலையையும் நாயகியின் கண்ணீரையும் பற்றிச் சண்டையிட்ட ரசிகர் உலகில், அந்த வாரம் முழுவதும் கேட்டது ஒரே கேள்வி: எங்கள் கதையை எப்போது தருவீர்கள்? சில நாட்களுக்குள்ளேயே நிறுவனம் இறங்கிவந்து, சில நாடுகளுக்கு மாற்று வழி செய்துகொடுத்தது. கதை வந்தது, பார்த்தார்கள், மறு வாரமே பழைய சண்டையைத் தொடங்கினார்கள்.